ஐந்நூற்றுப் பதினெட்டாம் கதவு

எனக்கு இங்கிலீஷ் எழுத்து பழகியது கன்டெய்னர் பெட்டிகளில்தான். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. சாத்தாங்காடு பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வாசல் காவல் வேலைக்குச் சேர்ந்தபோது, ஒவ்வொரு பெட்டியின் கதவிலும் நாலு எழுத்தும் ஏழு எண்ணும் இருப்பதைப் பார்த்தேன். டிரெய்லர் உள்ளே நுழையும்போது அதை நோட்டில் எழுத வேண்டும். முதலில் படம் பார்த்து வரைவது போல எழுதினேன். சில வருடங்களில் எந்த எழுத்துக்கு என்ன சத்தம் என்பது பிடிபட்டது.

பேச்சுதான் பழகவில்லை. எதிரில் ஆள் நின்றால் எனக்கு வார்த்தை வராது. பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில், பையன் ஊமையா என்று அக்காவிடம் கேட்டேவிட்டார்கள். அதோடு அக்காவும் தேடுவதை விட்டுவிட்டாள். நாற்பது தாண்டியும் திருவொற்றியூரில் அக்கா வீட்டு முன்னறையில்தான் படுத்துக்கொண்டிருந்தேன்.

யார்டில் நான் சத்தமாகப் பேசுவது ஒரு நாளைக்கு ஒரு தடவை. சாயங்காலம் கிடங்கைப் பூட்டும்போது மூன்று குரல் கொடுக்க வேண்டும். நான் சேருவதற்கு முன்னால் ஒரு லோடுமேன் மூட்டைகளுக்குப் பின்னால் தூங்கிப்போய், சனிக்கிழமை பூட்டிய கிடங்கிலிருந்து திங்கட்கிழமை வெளியே வந்தாராம். முந்திரி மூட்டையாக இருந்ததால் பிழைத்தார், உப்பு மூட்டையாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அதை வைத்துச் சிரிப்பார்கள். அன்றிலிருந்து வந்த வழக்கம் இது. "சாத்தப் போறேன், ஆளு கீதா?" என்று கத்துவேன். உள்ளே யாராவது இருந்தால் "கீது!" என்று குரல் கொடுக்க வேண்டும். ஒரு குரலுக்கும் அடுத்த குரலுக்கும் நடுவில் ஒரு பீடி பற்றவைக்கும் நேரம் விட வேண்டும். மூன்றாவதற்கும் பதில் இல்லையென்றால் பூட்டலாம்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் கழித்து வாசல் அறையில் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. பக்கத்துச் சின்ன அறையில் ஏசி போட்டு இன்னொரு பெரிய மெஷினை வைத்தார்கள். அது லினக்ஸ் சர்வர் என்றார்கள். எண்ணூரைத் தாண்டி, வள்ளூர் போகும் வழியில் எங்கள் கம்பெனிக்கு இன்னொரு யார்டு இருந்தது. அங்கே உட்கார்ந்து அடித்தாலும் இந்த மெஷினுக்குத்தான் வந்து சேரும். அங்கிருந்து பெட்டி ஏற்றி வரும் டிரெய்லர்கள் எக்ஸ்பிரஸ் ரோட்டில் மணிக்கணக்கில் நிற்கும். எந்தப் பெட்டி கிளம்பியது, எது வந்து சேர்ந்தது என்று இரண்டு யார்டும் சொல்லிக்கொள்ள வேண்டும். போன் எப்போதும் யார் கையிலாவது இருக்கும். அப்போது மெஷின் வைத்துக்கொடுத்தவர் எனக்கு ஒரு கட்டளையைக் காட்டினார். டாக், அதாவது பேச்சு என்று பெயர். அதை அடித்து அந்தப் பக்கத்து ஆளின் பெயரையும் அடித்தால் திரை நடுவில் ஒரு கோடு விழுந்து இரண்டாகப் பிரியும். மேலே நான் அடிப்பது, கீழே அவர்கள் அடிப்பது.

அந்தப் பக்கம் அடித்தது ஒரு பெண். ராயபுரத்துக்காரி. அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்று, வாதம் வந்து படுத்திருந்தார். தம்பி தங்கைகளுக்கு எல்லாம் கல்யாணம் செய்துவைத்துவிட்டு இவள் மட்டும் அவருடன் இருந்தாள். வயது முப்பத்தெட்டு. இதெல்லாம் எனக்குத் தெரிய ஆறு மாதம் ஆயிற்று. முதல் மாதம் முழுக்கப் பெட்டி நம்பர்தான். இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடிப்போம். முதன்முதலாக நம்பர் இல்லாமல் அவள் அடித்தது இது.

"வண்டி கெளம்பிச்சு. டிரைவரு இன்னும் சாப்ட்ல. வந்தா திட்டாதீங்க."

"நான் யாரையும் திட்ட மாட்டேன்."

"அது தெரியும். எல்லாரும் உங்களத்தான் திட்டுவாங்கன்னு கேள்விப்பட்டேன்."

நான் வாசல் அறையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். வெளியே வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

அந்த டாக்கில் ஒரு விசேஷம் உண்டு. அடித்து முடித்து அனுப்புவது கிடையாது. அவள் ஒரு எழுத்து தட்டினால் அந்த எழுத்து அப்போதே என் திரையில் வந்து நிற்கும். தப்பாக அடித்து அழித்தால் அழிவதும் தெரியும். யோசிக்கிறாள் என்றால் எழுத்து நின்ற இடத்தில் ஒரு சின்னக் கோடு சும்மா மின்னிக்கொண்டிருக்கும். நேரில் யார் முகத்தையும் நான் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"இங்க ஒரே சாம்பலு," என்று ஒரு நாள் அடித்தாள். பவர் ஸ்டேஷன் பக்கம் அல்லவா. "இப்பதான் டேபிள தொடச்சேன். அதுக்குள்ள விரல்ல எழுதலாம் போல கீது."

"இன்னா எழுதுவீங்க?"

கோடு வெகுநேரம் மின்னியது. "உங்க பெட்டி நம்பரு."

இன்னொரு நாள், "இன்னிக்கி வூட்ல இன்னா கொழம்பு?" என்றாள்.

"அக்கா வெச்சது. கத்திரிக்கா."

"வெள்ளிக்கெழமையில கூட எங்க வூட்ல மீனு. ஐயோ பாவம்."

பிறகு கம்ப்யூட்டரிலேயே ஒரு படிவம் வந்துவிட்டது. பெட்டி கிளம்பியதும் அவள் அதில் போட்டால் எனக்குத் தெரிந்துவிடும். டாக் தேவையே இல்லை. ஆனாலும் சாயங்காலம் ஐந்தரைக்கு, இரண்டு யார்டிலும் வண்டி குறைந்த பிறகு, அவள் கூப்பிடுவாள், இல்லையென்றால் நான் கூப்பிடுவேன். பத்து நிமிஷம், சில நாள் கால் மணி நேரம். ஒன்றரை வருடம் அப்படிப் போயிற்று. அவள் முகத்தை நான் பார்த்ததில்லை. குரலைக் கேட்டதில்லை.

ஒரு திங்கட்கிழமை அவள் அடித்தாள்: "ஞாயித்துக்கெழம எங்க மாதா கோயில்ல தேரு. வர்றீங்களா? சாயங்காலம் அஞ்சு மணிக்கு மெழுகுவத்தி விக்கிற எடத்துல நிப்பேன். பச்ச கொட வெச்சிருப்பேன். மழ இல்லன்னாலும் பிரிச்சி வெச்சிருப்பேன்."

என் கை தானாக "வரேன்" என்று அடித்தது. அடித்த பிறகு பார்த்தேன். அதை ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு, "நாளைக்கு சொல்றேன்" என்று அடித்தேன்.

"சரி," என்றாள்.

மறுநாள் காலையில் ஹெட் ஆபீசில் இருந்து ஒரு சிஸ்டம் ஆள் வந்து இறங்கினார். முப்பது வயதிருக்கும், தெற்கத்திப் பேச்சு, நல்ல மனிதர். வேறு ஒரு கிளையில் யாரோ வெளியிலிருந்து மெஷினுக்குள் புகுந்து எல்லாவற்றையும் கலைத்துவிட்டார்களாம். எல்லாக் கிளையிலும் சர்வரைச் சோதித்து, வேண்டாத வழிகளை அடைத்துவிட்டு வரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து, என் கீபோர்டில் வேலை செய்தார். காலையிலிருந்து சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து நோட்டில் எழுதினேன்.

ஐந்தரை ஆயிற்று. அந்தப் பக்கம் அவள் என் பெயரை அடித்திருப்பாள். நான் மெஷினில் நுழையவில்லை என்பதால், நீங்கள் கூப்பிடும் ஆள் இல்லை என்று அவளுக்கு ஒரு வரி வந்திருக்கும். அந்த வரி எனக்கும் தெரியும், அவள் லீவு போடும் நாட்களில் வரும். சொல்ல வேண்டிய பதில் தயாராக இருந்தது. நாற்காலியில் அவர் இருந்தார்.

"இங்க பாருங்கண்ணே," என்று அவர் திரையைக் காட்டினார். netstat என்று ஒன்றை அடித்து, பின்னால் சில எழுத்துகளையும் சேர்த்துத் தட்டினார். வரிசையாக நம்பர்கள் விழுந்தன. "ஒரு மெஷினுக்கு அறுபத்தஞ்சாயிரம் கதவு உண்டு. எல்லாம் சாத்தித்தான் இருக்கும். ஏதாவது ஒரு சர்வீஸ் ஓடுச்சின்னா, அது தனக்குன்னு ஒரு கதவைத் திறந்து வெச்சிக்கிட்டு, யாராவது தட்டுவாங்களான்னு உக்காந்திருக்கும். இந்தா, இது மெயில். இது பிரிண்டர். இது உங்க பெட்டிக் கணக்கு இருக்கிற இடம், இத தொடக்கூடாது. மத்ததுல எது வேணும், எது வேண்டாம்னுதான் தெரியல. தெரியாம மூடிட்டா எவனாவது திங்கக்கெழம வந்து கத்துவான்."

வரிசையில் 518 இருந்தது. அவர் கையிலிருந்த தாளில் அந்த நம்பருக்குப் பக்கத்தில் சின்னதாக டாக் என்று பென்சிலில் எழுதியிருந்தார்.

அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். யாரும் கேட்காமல் நானாக வாயைத் திறந்தேன். கிடங்கில் மூன்று குரல் கொடுக்கும் வழக்கத்தை அவரிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்று வரை தெரியவில்லை. அவருக்கு உதவியாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பேன். இல்லை, என் கதவுக்கும் மூன்று குரல் அவகாசம் கிடைக்கட்டும் என்றும் நினைத்திருக்கலாம்.

"அட, சூப்பர்ணே!" என்றார். உடனே திறந்திருக்கும் கதவுகளின் பட்டியலை ஒரு தாளில் அச்சடித்து வாசல் அறைக்கு வெளியே அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். எந்த நம்பரை யார் உபயோகிக்கிறார்களோ அவர்கள் அதற்கு நேராகப் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். குரலுக்கு ஒரு நாளாக மூன்று நாள் இருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெறுமையாக இருப்பதெல்லாம் மூடப்படும். எண்ணூர் யார்டில் எல்லோரும் படிவத்தில்தான் வேலை செய்கிறார்கள் என்று அங்கிருந்த சூப்பர்வைசர் போனிலேயே சொல்லிவிட்டார். தாள் அங்கே போகவில்லை.

புதன்கிழமை அக்கவுன்ட்ஸ்காரர் கையெழுத்துப் போட்டார். பிரிண்டருக்கு எங்கள் சூப்பர்வைசர் போட்டார். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்த ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் பலகை முன்னால் நின்று பல் குத்திக்கொண்டே படித்தார்.

"இன்னா மாமு இது, ஐநூத்திப் பதினெட்டு... டாக்கு? டாக்குன்னா பேசறதுதான? இங்க யாரு யாராண்ட பேசிகினு கீறது?"

சூப்பர்வைசர் உள்ளேயிருந்து சொன்னார்: "நம்ம வாசல் கேட்டு மாமுவா இருக்கும்."

"யாரு, இவுரா? ஐயே! இவுரு வாயத் தொறந்து நான் பாத்ததே கிடங்கு சாத்தும்போதுதான். அதுவும் மூணே மூணு தபா!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சட்டைப் பையில் பேனா இருந்தது. பலகை கைக்கு எட்டும் தூரம். பெயர் எழுதினால் அடுத்த கேள்வி, அந்தப் பக்கம் யார் என்பதாக இருக்கும். அந்த யார்டில் கம்ப்யூட்டரில் உட்காரும் பெண் ஒருத்திதான். சாயங்காலத்துக்குள் எண்ணூர் முழுக்கத் தெரிந்துவிடும். அவளுக்கு ராயபுரத்தில் இரண்டு தம்பிகள். அவளுக்காகத்தான் எழுதவில்லை என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதி நிஜம். மீதிப் பாதி, அந்தச் சிரிப்பு இன்னொரு தரம் வந்தால் எப்படி நிற்பது என்ற பயம்.

புதன், வியாழன் இரண்டு சாயங்காலமும் அவர் என் நாற்காலியில்தான் இருந்தார். ஐந்தரை மணி வந்து போயிற்று.

வெள்ளிக்கிழமை அவர் தன் லேப்டாப்பை எடுத்து மேசையின் மறுபுறம் வைத்துக்கொண்டார். "அண்ணே, நீங்க கீபோர்டுல உக்காருங்க. நான் சொல்றத அடிங்க. நான் இங்கேர்ந்து ஒவ்வொரு கதவாத் தட்டிப் பாக்கறேன்."

மூன்று நாள் கழித்து என் நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்காரும் இடம் சூடாக இருந்தது. அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். ஒன்றை அடித்ததும் அவர் தன் லேப்டாப்பில் எதையோ தட்டி, "மூடிடுச்சு" என்பார். பலகையிலிருந்து கழற்றிய தாளில் அதைப் பேனாவால் அடிப்பார். இப்படி நாலு கதவு.

"அடுத்து ஐநூத்திப் பதினெட்டு. டாக்." தாளைப் பார்த்தார். பிறகு என்னையும் ஒரு தரம் பார்த்தார். "மூணு நாள் குரல் குடுத்தாச்சு. யாரும் இல்ல. இல்லையாண்ணே?"

அவர் ஏதாவது கண்டுபிடித்திருந்தாரா என்று தெரியவில்லை. அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். சிரிக்க யாரும் இல்லை. ஒரு பீடி பற்றவைக்கும் நேரம் அவர் பேசாமல் இருந்தார்.

"இல்ல சார்," என்றேன்.

chkconfig ntalk off. எழுத்து எழுத்தாகச் சொன்னார். நான் ஒரு எழுத்துகூடத் தப்பாக அடிக்கவில்லை. பதினைந்து வருடம் பெட்டி நம்பர் எழுதிய கை. அவர் தட்டிப் பார்த்தார். "மூடிடுச்சு."

கிளம்பும்போது, கரண்ட் போனால் மெஷினை ஒழுங்காக நிறுத்தித் திரும்ப ஏற்றுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்து, அதற்கான பாஸ்வேர்டை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி என் டிராயரில் வைத்தார். எதையாவது மறுபடி திறக்க வேண்டியிருந்தால் off இருக்கும் இடத்தில் on என்று அடித்தால் போதும் என்றார்.

சனிக்கிழமை மதியம் போன் அடித்தது. சூப்பர்வைசர் எடுத்து, "எண்ணூரு யார்டு. எதோ பெட்டி சந்தேகமாம்," என்று என்னிடம் நீட்டிவிட்டுப் பக்கத்திலேயே நின்று டீ குடித்தார்.

"நான்தான்," என்றது குரல். கொஞ்சம் கட்டையான குரல். நான் மெல்லிசாக நினைத்து வைத்திருந்தேன்.

"சொல்லுங்க."

"நேத்திலேர்ந்து டாக்கு அடிச்சா இன்னாவோ எர்ரர் வருது. அதுக்கு முன்னாடி மூணு நாளா ஆளே இல்லன்னு வந்துச்சு. ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"இல்ல."

"பக்கத்துல ஆளு கீதா?"

"கீது."

அந்தப் பக்கம் சிரித்தது போல மூச்சு கேட்டது. "சரி. நான் பேசறேன், நீங்க கேளுங்க. அன்னிக்கி நீங்க அடிச்சி அழிச்சீங்களே, அத நான் பாத்தேன். அதுக்கப்புறம் அடிச்சதவிட அழிச்சதுதான் எனக்குப் பதிலுன்னு வெச்சிகினு கீறேன். சரியா, தப்பா? அது மட்டும் சொல்லிட்டு வெச்சிடுங்க."

சூப்பர்வைசர் டீயை ஊதினார். நான் கையில் இருந்த நோட்டைப் பார்த்தேன். அன்று வந்த முதல் பெட்டியின் நம்பரைப் போனில் படித்தேன். நாலு எழுத்து, ஏழு எண். பிறகு அடுத்ததைப் படித்தேன்.

"அவ்ளோதானா?" என்றாள்.

"அவ்ளோதான்."

ஞாயிற்றுக்கிழமை புதுச் சட்டை போட்டுக்கொண்டு ராயபுரத்துக்கு பஸ் ஏறினேன். எங்கே என்று அக்கா கேட்டாள். யார்டுக்கு என்றேன். அக்கா சட்டையைப் பார்த்தாள். கோயில் தெருவில் நிற்க இடமில்லை. பேண்டு வாத்தியம், மல்லிகை, பொரித்த மீன், மெழுகு வாசனை. மெழுகுவத்தி விற்கும் இடத்துக்கு எதிர்ப்புறத்தில், ஒரு சைக்கிள் கடைப் பலகை ஓரமாக நின்றேன். மணி ஐந்து இருக்கும். எதிரே கூட்டத்தின் தலைகளுக்கு மேல் ஒரு பச்சைக் குடை விரிந்திருந்தது. வெயில் இறங்கிவிட்டது, மழை இல்லை. ஒரே ஒரு குடை.

நான் பார்த்தது குடையை மட்டும்தான். அதைப் பிடித்திருந்த கையைக்கூட ஆட்கள் மறைத்தார்கள். பத்து எட்டு வைத்தால் போய்விடலாம். போய் நின்றால் பேச வேண்டும். என்ன பேசுவது என்று மனசுக்குள் எழுத்து எழுத்தாக அடித்துப் பார்த்தேன், அழித்தேன். குடை ஒரு தரம் அந்தப் பக்கம் திரும்பியது, ஒரு தரம் இந்தப் பக்கம் திரும்பியது. தேர் வந்து எங்களுக்கு நடுவில் மெதுவாகப் போனது. அது தாண்டிப் போக வெகுநேரம் ஆயிற்று. தாண்டிய பிறகு பார்த்தால் குடையை மடக்கிவிட்டிருந்தாள். மடக்கிய பிறகு அந்தக் கூட்டத்தில் எந்த முகம் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அதன் பிறகு பெட்டி நம்பர்கள் படிவத்தில் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. அவள்தான் போடுகிறாள் என்று அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பேன். டிராயரில் அந்தத் துண்டுக் காகிதம் இருந்தது. திறக்கும் வழி எனக்குத் தெரியும். தினமும் ஐந்தரைக்கு, நாளைக்குத் திறக்கலாம் என்று நினைப்பேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அறையில் யாரும் இல்லை. பாஸ்வேர்டை அடித்து, off இருந்த இடத்தில் on அடித்தேன். netstat போட்டுப் பார்த்தேன். வரிசையில் 518 வந்திருந்தது. கண்ணில் நீர் வந்தது, துடைத்துக்கொண்டேன். பிறகு அவள் பெயரை அடித்துக் கூப்பிட்டேன். திரை இரண்டாகப் பிரிந்தது. மேலே, அந்தப் பக்கத்து ஆளின் பதிலுக்காகக் காத்திருக்கிறது என்று ஒரு வரி. கொஞ்ச நேரத்தில், மறுபடி கூப்பிடுகிறது என்று அடுத்த வரி. மறுபடி ஒரு வரி. கீழ்ப்பாதி காலியாக இருந்தது.

போன் அடித்தது. எடுத்தேன். இளவட்டக் குரல்.

"அண்ணாத்த, உங்க கேட்டுலேர்ந்து என் ஸ்க்ரீன்ல இன்னாவோ வந்துகினே கீது. அடிச்சிகினு இருக்கசொல்ல குறுக்க வந்து எல்லாம் கலீஜ் ஆவுது."

"அங்க... ஒரு அம்மா இருப்பாங்களே?"

"அக்காவா? அவுங்க போன மாசமே வேலய வுட்டுட்டாங்க. அப்பா தவறிட்டாராம். தங்கச்சி வூட்டாண்ட, தூத்துக்குடியோ எங்கியோ போய்ட்டாங்க. அவுங்க பேருலதான் நான் உள்ள போறேன். எதுனா சொல்லணுமா?"

போன மாதம் வந்த நம்பர்களையும் அவள் போட்டவை என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணும் இல்லப்பா. இனிமே வராது," என்றேன்.

டாக்கை விட்டு வெளியே வந்து off அடித்தேன். netstat போட்டு, 518 இல்லை என்று பார்த்துக்கொண்டேன். துண்டுக் காகிதத்தை மடித்து டிராயரில் வைத்தேன். கிடங்கு பூட்டும் நேரம் ஆகியிருந்தது. சாவியை எடுத்துக்கொண்டு போய்க் கதவின் ஒரு பக்கத்தை இழுத்துச் சாத்திவிட்டு உள்ளே இருட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தேன். சாத்தப் போறேன், ஆளு கீதா? இரண்டாவது குரல். மூன்றாவது குரல். பதில் இல்லை. அன்று நான் உடனே பூட்டவில்லை. ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு அந்தப் பக்கமாக வந்தார்.

"இன்னா மாமு, நின்னுகினே கீற? உள்ள எவனாவது கீறானா?"

"இல்ல," என்று சொல்லிப் பூட்டினேன்.